இறவாத செல், இறந்த பெண்

ரெபெக்கா ஸ்க்லூட் எழுதி 2010இல் வெளிவந்த ஆங்கில நூலை இரண்டாவது முறை வாசித்து முடித்தபோது, அதன் தலைப்போடுதான் எனக்குச் சண்டை வந்தது. ‘ஹென்ரியட்டா லாக்ஸின் இறவா வாழ்வு’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஹென்ரியட்டா 31 வயதில் இறந்துபோனவர். அப்படியானால் இறவாதது எது?

1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வந்தார் ஐந்து பிள்ளைகளின் தாயான அந்தக் கறுப்பினப் பெண். கட்டியிலிருந்து சதைத்துணுக்கு ஒன்றை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அவரிடம் கேட்கவில்லை. அக்டோபரில் அவர் இறந்தார். செல்களோ நிற்காமல் பெருகி, ‘ஹீலா’ என்ற பெயரில் உலகெங்கும் போயின. இருபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது.

மூப்பைப் பற்றிய அறிவியலோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. இயல்பான மனித செல் ஏறத்தாழ 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகிறது என்று 1961இல் லியனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் காட்டினார்கள். செல் பிரியும்போதெல்லாம் குரோமோசோமின் நுனி தேய்கிறது. அதைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் நொதி ஹீலாவில் ஓயாமல் வேலை செய்கிறது. அதனால் அது நிற்பதில்லை. ஹேஃப்ளிக் உருவாக்கிய புகழ்பெற்ற டபிள்யூஐ-38 செல் வரிசையோ, ஸ்வீடனில் ஒரு பெண் செய்துகொண்ட கருக்கலைப்பிலிருந்து வந்தது. அவரிடமும் யாரும் கேட்கவில்லை. ஆயுளை நீட்டப் போவதாகச் சொல்லும் அறிவியல் நிற்கும் செல்லையும் நிற்காத செல்லையும் பெண்ணுடலிலிருந்தே எடுத்துப் படித்திருக்கிறது.

ஸ்க்லூட்டின் பெரிய பலம், மகள் டெபராவைப் பேசவிட்டதுதான். ‘ஹெலன் லேன்’ என்ற பொய்ப்பெயருக்குள் கிடந்த தாயை மகளின் வழியாகவே நாம் சந்திக்கிறோம். ஆனால் தலைப்பு ஆய்வகத்தின் மொழியிலேயே பேசுகிறது. இன்றும் பெருகுவது ஹென்ரியட்டாவின் வாழ்வு அல்ல. அவரைக் கொன்ற கட்டி. தாயின் செல் விற்பனைக்கு வந்த நாட்டில், பிள்ளைகளுக்கு மருத்துவக் காப்பீடு கிடைக்கவில்லை. டெபரா 2009இல், நூல் வெளிவருமுன்பே இறந்தார். தெர்மோ ஃபிஷர் நிறுவனம் வாரிசுகளோடு சமரசத்துக்கு வந்தது 2023இல்தான்.

இதை வாசிக்கையில் என் அம்மாவை நினைக்காமலிருக்க முடியவில்லை. அவர் கர்ப்பப்பையை எடுத்தபோது, ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டது அப்பா. “எடுத்ததை எங்கடி கொண்டுபோனாங்க?” என்று அம்மா இன்னமும் கேட்பார். யாரும் அவருக்குப் பதில் சொன்னதில்லை.

ஹீலாவுக்குள் இருப்பது எச்பிவி-18 வைரஸ். அதைத் தடுக்கும் ஊசி 2006 முதல் இருக்கிறது. ஆனாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இந்தியப் பெண்கள் இன்றும் இறக்கிறார்கள். 120 வயதுவரை வாழலாம் என்று யாராவது ஆசை காட்டும்போது, நான் 31 என்ற எண்ணைத்தான் நினைக்கிறேன். ஆயுளை நீட்டும் வேலையை அந்த வயதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் புதிய மாத்திரை எதுவும் தேவையில்லை. ஊசியும் பரிசோதனையும் எல்லாப் பெண்களுக்கும் கிடைக்க வேண்டும், உடலைத் தொடுமுன் அவளிடம் கேட்க வேண்டும்.