மனிதனை நம்பாதே என்று சொல்கிற மனிதர்

சனிப்பெயர்ச்சி வந்தால் திருநள்ளாறு கொள்ளாது. நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைக் கரையிலேயே விட்டு, கெட்ட காலத்தைக் கழித்தாயிற்று என்று ஊர் திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் காரைக்கால். அதற்கும் வடக்கே தரங்கம்பாடி. அந்த ஊர்களின் கிறிஸ்தவ தேவாலயப் பிரசங்க மேடையில் கேட்கும் போதனை வேறு: கிரகத்தை நம்பாதே, மனிதனையும் நம்பாதே, ஆண்டவரை நம்பு.

ஆண்டவரை நம்புவது விசுவாசம் சார்ந்தது. அதை இங்கே அளக்கப் போவதில்லை. மனிதனை நம்பாதே என்பதை மட்டும் எடை போடலாம். அதைச் சொல்கிறவரும் ஒரு மனிதர்தான். அவர் வார்த்தையை நம்பித்தான் சபை அதை ஏற்கிறது. இந்த முரணைத் தாண்டினால்தான் போதனை நிற்கும்.

முதலில் வேதத்தைப் பார்ப்போம். பெரும்பாலும் காட்டப்படுவது எரேமியா 17-ஆம் அதிகாரமும் 146-ஆம் சங்கீதமும். பாபிலோனின் மிரட்டலுக்கு நடுவே யூதாவின் அரசவை எகிப்தின் படை காப்பாற்றும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்து மனிதர் எரேமியா. சங்கீதமோ பிரபுக்களைப் பெயர் சொல்லியே விலக்குகிறது. இரண்டிலும் குறி அதிகாரத்தின் மேல்தான். அண்டை வீட்டாரையோ மருத்துவரையோ சந்தேகப்படச் சொல்லவில்லை. யோவான் சுவிசேஷம் இன்னும் நுட்பமானது. மனிதருக்குள் இருப்பது இன்னதென்று அறிந்திருந்ததால் இயேசு கூட்டத்திடம் தம்மை ஒப்புக்கொடுக்கவில்லை என்கிறது. ஆனால் அதே சுவிசேஷத்தில் அவர் தாயை ஒரு சீடன் பொறுப்பில் விடுகிறார். மறுதலித்த பேதுருவிடமே ஆடுகளை மேய்க்கும் வேலையை ஒப்படைக்கிறார். மனிதன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்தும் அவனிடம் பொறுப்புக் கொடுக்கலாம் என்பதே இதன் பொருள்.

இனி நடந்த ஒன்றைப் பார்ப்போம். 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்துசேர்ந்த ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், பின்னாளில் தஞ்சாவூரில் தங்கினார். 1780-களின் தொடக்கத்தில் ஐதர் அலியின் படை டெல்டாவைச் சூறையாடியபோது தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். காலையில் தெருவோரமெங்கும் பிணங்கள்; சிப்பாய்களே பசியால் சுருண்டு விழுந்தார்கள். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது; கொண்டுவர மாடில்லை. முன்பு கொடுத்த தானியத்துக்குத் துபாஷிகள் என்னும் இடைத்தரகர்கள் காசு கொடுக்காமல் ஏய்த்திருந்ததால் குடியானவர்கள் அசையவில்லை. மன்னர் துளஜா ஆணையிட்டும் கெஞ்சியும் பார்த்தார். உங்கள் பேச்சும் போயிற்று, என் பேச்சும் போயிற்று, ஐயரை நம்புகிறார்களா பார்ப்போம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியிடம் சொல்லிவிட்டு, ஒரு வெற்றுத் தாளை ஐயருக்கு அனுப்பினார்: மக்களோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

என் கையாலேயே காசு தருகிறேன், எதிரி மாட்டைப் பிடித்தால் அதற்கும் ஈடு தருகிறேன் என்று ஐயர் ஊர் ஊராகக் கடிதம் அனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போய் 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சொன்னபடி எல்லாருக்கும் காசு போயிற்று. தம்மிடம் இருந்த பிறர் பணத்தையும் எடுத்துத்தான் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

கடவுளை நம்பியவரால் நாடு பிழைத்தது என்று விசுவாசி இதைச் சொல்வார். ஆனால் மாட்டை ஓட்டிவந்தவர்களில் பெரும்பாலோர் அவருடைய கடவுளைக் கும்பிடாதவர்கள். அவர்கள் நம்பியது ஒரு மனிதரின் நாணயத்தை. அவரும் உபதேசியாரை நம்பினார், குடியானவர்களை நம்பினார், தம்மை நம்பிப் பணம் வைத்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்றும் நம்பினார். மனிதனை நம்பாதே என்பதை எழுத்துக்கு எழுத்துப் பிடித்திருந்தால் ஒரு கலம்கூட உள்ளே வந்திராது. அதே சமயம், மன்னரும் கம்பெனியும் பேரை இழந்த இடத்தில் அவர் பேர் மட்டும் நின்றதற்கு, அரசனுக்கும் மேலே தாம் கணக்குச் சொல்ல வேண்டிய ஒருவர் இருக்கிறார் என்ற அவருடைய எண்ணத்துக்கும் பங்குண்டு. அதை மறுப்பது நேர்மையாகாது.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. 1787-ல் மரணப் படுக்கையில் துளஜா, தத்துப்பிள்ளை சரபோஜிக்குக் காப்பாளராக இருக்கும்படி சுவார்ட்ஸைக் கேட்டார். ஐயர் மறுத்து, மன்னரின் சகோதரர் அமர்சிங்கைக் கைகாட்டினார். அமர்சிங் அரியணையில் தாமே உட்கார்ந்துகொண்டு பையனை அடைத்துவைத்துக் கொடுமைப்படுத்தினார். ஊரே நம்பிய மனிதரின் கணிப்பு இந்த அளவுக்குத் தவறும் என்பதுதான் போதனைக்குச் சாதகமான வலுவான சாட்சி. ஆனால் தவறு திருந்தியதும் மனிதர் கையால்தான். ஐயர் சரபோஜியின் பக்கம் நின்று வாதாடினார்; 1793-ல் பையன் சென்னைக்கு அனுப்பப்பட்டான்; 1798-ல் முடி சூட்டப்பட்டான். அதே ஆண்டு பிப்ரவரியில் ஐயர் காலமாகியிருந்தார். சரபோஜி கடைசிவரை மதம் மாறவில்லை. ஐயருக்குப் பளிங்கில் நினைவுச் சின்னம் மட்டும் எழுப்பினார்.

போதனை மிகவும் சறுக்குவது, கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கையை மனித முயற்சிக்கு மாற்றாக நிறுத்தும்போது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை. காரைக்கால் கடற்கரைக் குப்பங்களையும் வேளாங்கண்ணி யாத்திரிகர்களையும் கடல் வாரிக்கொண்டு போனது. ஜெபம் குறைந்ததால் அல்ல; முன்கூட்டிச் சொல்ல ஆளில்லாததால். ஐதராபாத்தில் 2007-ல் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது மனிதர் மனிதரை நம்புவதற்காகச் செய்த ஏற்பாடு. மாத்திரையை நிறுத்து, ஜெபம் போதும் என்பவரும், ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்பது பாவம் என்பவரும் இதே வசனத்தைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். அவர்கள் கேட்பது கடவுள்மேல் நம்பிக்கை அல்ல, தங்கள்மேல் கேள்வி கேட்காத நம்பிக்கை. எரேமியா எதிர்த்ததே அதைத்தான்.

ஆகவே தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. யாரை நம்பலாம் என்பதற்கான விதியாக இந்தப் போதனை தேறாது. வேதமே அதற்கு இடம் தரவில்லை, தஞ்சைக் கோட்டையும் தரவில்லை. அதிகாரத்தில் இருக்கும் எவரையும் முழு நம்பிக்கைக்கு உரியவராக்காதே என்ற எச்சரிக்கையாக அது உறுதியாக நிற்கிறது. அந்த எச்சரிக்கைக்குள் முதலில் அடங்க வேண்டியவர் அதைச் சொல்லும் போதகர். தொடக்கத்தில் சொன்ன முரணை அவர் தாண்டுவதற்கு வழி ஒன்றுதான்: வசனத்தை வாசித்த கையோடு சபையின் வரவு செலவையும் வாசிக்கட்டும். அதற்குத் தயங்குகிறவரிடம் சபையார் அந்த வசனத்தையே திருப்பிச் சொல்லலாம்.