ஒரு ரூபாயில் தடுமாறும் விடை

தெரியாத எண்கள் மூன்று, சமன்பாடுகள் மூன்று. ஒரு மாறியை நீக்கினால் இரண்டு மிஞ்சும். இன்னொன்றையும் நீக்கினால் ஒன்று. அது கிடைத்ததும் வந்த வழியே திரும்பி மற்ற இரண்டையும் எடுத்துவிடலாம். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் இந்த நீக்கல் முறை, பள்ளிக் கணிதம் பிள்ளைகளுக்குத் தரும் மிக நல்ல கருவிகளில் ஒன்று. மாறிகள் எத்தனை ஆனாலும் வேலை மாறுவதில்லை: பெருக்கு, கழி, பிரதியிடு.

முறை பழையது. சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற கணித நூல் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எண்களை அடுக்கி இதைச் செய்தது. நம் பக்கத்தில், 9ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் மகாவீரர் ‘கணித சார சங்கிரக’த்தில் பழக்கணக்காகவே கேட்கிறார்: 9 நார்த்தங்காயும் 7 விளாம்பழமும் 107, 7 நார்த்தங்காயும் 9 விளாம்பழமும் 101, ஒன்றின் விலை என்ன? விடை 8, 5. இந்நூலை 11ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனா தெலுங்கில் தந்தார். 1912இல் ரங்காச்சாரியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு சென்னையில் அச்சானது.

பன்னிரண்டாம் வகுப்பில் காஸ்ஸியன் நீக்கல் முறையோடு, அணிக்கோவைகளின் விகிதமாக விடை தரும் கிராமரின் விதியும் வருகிறது. கோட்பாட்டுக்குக் கிராமரின் விதி அழகு. கணக்குப் போடுவதற்குப் பொருந்தாது. பத்து மாறிகள் என்றால் ஒரே ஓர் அணிக்கோவையை விரித்தாலே 36,28,800 உறுப்புகள். அப்படிப் பதினொன்று வேண்டும். நீக்கல் முறை அதே கணக்கை ஐந்நூறுக்கும் குறைவான பெருக்கல், வகுத்தல்களில் முடித்துவிடும். இரண்டையும் சம மதிப்பெண்ணுக்கான இரண்டு வழிகளாக மட்டும் நிறுத்திவிட்டால், எது எதற்கு என்பது மாணவருக்குத் தெரியாமலே போகும்.

என் பெரிய குறை வேறு. 0 = 0 என்று வந்தால் தீர்வுகள் எண்ணற்றவை, 0 = 1 போல வந்தால் தீர்வே இல்லை என்று பத்தாம் வகுப்புப் புத்தகம் தெளிவாகவே சொல்கிறது. இந்த இரண்டுக்கும் மிக அருகில் போய் நிற்கும் கணக்குகளைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

திருத்தணி மலையடிவாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் கிருத்திகைக்கு வந்த ஒரு குடும்பம் 10 தேங்காய், 11 முழம் பூவுக்கு 730 ரூபாயும், இன்னொரு குடும்பம் 11 தேங்காய், 12 முழம் பூவுக்கு 800 ரூபாயும் கொடுத்தன என்று வைத்துக்கொள்வோம். தேங்காய் 40 ரூபாய், முழம் 30 ரூபாய். சரி. இரண்டாவது குடும்பத்துக்குக் கடைக்காரர் ஒரே ஒரு ரூபாய் குறைத்து 799 வாங்கியிருந்தால்? தேங்காய் 29, முழம் 40!

போட்டதில் பிழை ஒன்றுமில்லை. 29ஐயும் 40ஐயும் பிரதியிட்டால் 730உம் 799உம் அப்படியே வரும். ‘சரிபார்த்தல்’ என்று நாம் சொல்லிக்கொடுக்கும் பாதுகாப்பு இங்கே ஓர் எச்சரிக்கையும் தராது. காரணம், இரண்டு குடும்பமும் வாங்கியது ஏறக்குறைய ஒரே விகிதம். இரண்டாவது ரசீது புதிதாகச் சொல்வது மிகக் கொஞ்சம். குறுக்கே பெருக்கிக் கழித்தால் 120 – 121 = –1. அந்தச் சின்ன எண்ணால் வகுப்பதால்தான் ஒரு ரூபாய் பிசகு விலையில் 10, 11 ரூபாயாகப் பெருகுகிறது. மகாவீரரின் கணக்கில் அந்த எண் 81 – 49 = 32. அங்கே 101ஐ 100 ஆக்கினாலும் விடை 8.22, 4.72 என்று லேசாகத்தான் அசையும்.

பாடப்புத்தகக் கணக்கில் தொகைகள் துல்லியமாகவே இருக்கும். வெளியே தராசும் ரசீதும் ஆய்வகக் கருவியும் தரும் எண்ணில் எப்போதும் கொஞ்சம் பிசகு உண்டு. அதனால் எண்ணைக் கண்டுபிடிப்பதோடு, அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் கேள்வியாக வேண்டும். புதிய அத்தியாயம் தேவையில்லை; ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு தொகையை ஒன்று கூட்டியோ குறைத்தோ மறுபடி போடச் சொன்னால் போதும். பிறகு, எந்த ரசீதைக் கேட்டிருக்க வேண்டும் என்று கேட்கலாம். 2 தேங்காய், 12 முழம் பூ வாங்கி 440 ரூபாய் கொடுத்தவரின் ரசீது இரண்டாவதாகக் கிடைத்திருந்தால், அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தேங்காய் விலை 11 பைசாவும் பூவின் விலை 10 பைசாவும்தான் நகர்ந்திருக்கும்.