நெல்லி டீன் எதற்காக அழுகிறாள்?

‘நம்பகமற்ற கதைசொல்லி’ என்ற சொல்லை வேய்ன் பூத் 1961இல் விமர்சனத்துக்குள் கொண்டுவந்தார். இன்று நாம் அதைக் கொஞ்சம் துப்பறியும் வேலையாகவே ஆக்கிவிட்டோம். கதை சொல்பவர் எங்கே பொய் சொல்கிறார், அதைக் கண்டுபிடிச்சா முடிஞ்சது என்பதுபோல. எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலை அப்படி வாசித்தால் பாதிதான் கிடைக்கும்.

நாவலில் இரண்டு பேர் கதை சொல்கிறார்கள். முதலாமவர் லாக்வுட், 1801இல் யார்க்‌ஷயருக்கு வாடகைக்குக் குடிவந்தவர். மனிதரைப் படிக்கவே தெரியாதவர். செத்த முயல்களின் குவியலைப் பூனைகள் என்று நினைக்கிறார். ஹீத்கிளிஃபின் விதவை மருமகளை அவன் மனைவி என்று நினைக்கிறார். கடற்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்து மயங்கி, அவள் திரும்பிப் பார்த்ததும் நத்தைபோலச் சுருங்கிக்கொண்டதை அவரே சொல்கிறார். இத்தனை பெரிய காதல் கதை இப்படிப்பட்ட ஆளின் காதில்தான் விழுகிறது. போதாததற்கு, 15ஆம் அத்தியாயத்தில், கேட்டதைக் கொஞ்சம் சுருக்கித்தான் தருகிறேன் என்கிறார்.

அவருக்குக் கதை சொல்பவள் வீட்டுப் பணிப்பெண் நெல்லி டீன். அவள்மீது குற்றச்சாட்டுகள் நிறைய. ஹீத்கிளிஃபை மணப்பது தனக்குத் தாழ்வு என்று கேத்தரின் சமையலறையில் சொல்லும்போது, அவன் அங்கேயே இருப்பதை நெல்லி கவனித்துவிடுகிறாள். ஆனால் வாய் திறக்கவில்லை. அவன் வெளியேறி மூன்று வருஷம் காணாமல் போகிறான். பிறகு, கேத்தரின் அறையைப் பூட்டிக்கொண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும்போது, அதெல்லாம் நடிப்பு என்று முடிவுகட்டி, கணவன் எட்கரிடம் சொல்லாமலே விடுகிறாள். ஜேம்ஸ் ஹாஃப்லி 1958இல் எழுதிய கட்டுரையில், நாவலின் வில்லன் நெல்லிதான் என்றே வாதிட்டார்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. இந்தக் குற்றங்கள் எல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன? நெல்லி சொல்லித்தான். ஒளிக்க நினைத்தவள் இவ்வளவு சொல்வாளா? தான் செய்ததை அவள் மறைக்கவில்லை. ஏன் செய்தாள் என்பதைத்தான் சொல்லாமல் தாண்டிப் போகிறாள். அந்த ‘ஏன்’ அவளுக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

அவள் தாய் ஹிண்ட்லிக்குச் செவிலி. ஹிண்ட்லியும் நெல்லியும் ஒரே வயது, சேர்ந்து வளர்ந்தவர்கள். பெரியவர் எர்ன்ஷா லிவர்பூலுக்குப் புறப்படும்போது ஹிண்ட்லி வயலின் கேட்கிறான், கேத்தரின் சாட்டை கேட்கிறாள். நெல்லிக்குப் பை நிறைய ஆப்பிளும் பேரிக்காயும் கொண்டுவருவதாக அவரே வாக்குக் கொடுக்கிறார். திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு அநாதைப் பையனை. வயலின் நொறுங்கிப்போச்சு, சாட்டை தொலைஞ்சுபோச்சு. பழங்கள்? அதைப் பற்றி நெல்லி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அந்தப் பையனை அஃறிணையில் ‘அது’ என்று சொல்லி, காலையில் போய்விடும் என்ற நம்பிக்கையில் மாடிப்படியில் கொண்டுபோய் வைத்தேன் என்று மட்டும் சொல்கிறாள். அதற்காக அவளை வீட்டைவிட்டே அனுப்புகிறார்கள்.

அப்பா இறந்ததும் ஹிண்ட்லி புது மனைவியோடு வந்து, நெல்லியைப் பின்கட்டுச் சமையலறையில் இருந்துகொள்ளச் சொல்கிறான். கூட வளர்ந்தவள் அன்றோடு வேலைக்காரி. இதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறாள். வருத்தம் என்று ஒரு சொல் கிடையாது.

ஆனால் 11ஆம் அத்தியாயத்தில், சிறுவயதில் ஹிண்ட்லியோடு நத்தை ஓடுகளையும் கூழாங்கற்களையும் ஒளித்துவைத்த வழிகாட்டிக் கல்லைப் பார்த்ததும் அவள் நிலைகுலைகிறாள். சின்னப் பையனாக அவன் அங்கே உட்கார்ந்திருப்பதுபோலவே தெரிகிறது. 17ஆம் அத்தியாயத்தில் ஹிண்ட்லி குடித்துச் சீரழிந்து சாகும்போது, கேத்தரினின் சாவைவிட இது தன்னைப் பெரிதாக உலுக்கியது என்கிறாள். வாசலில் உட்கார்ந்து, ரத்த உறவு போனதுபோல் அழுகிறாள்.

நாவலின் பிரபலமான காதலைத் தேடிப் போகிறவர்கள் இந்த அழுகையைத் தாண்டிப் போய்விடுகிறோம். இங்கே நின்று திரும்பிப் பார்த்தால் மற்றதெல்லாம் வேறு மாதிரி தெரிகிறது. அவளுடைய தோழனை அப்பாவிடமிருந்து பிரித்தவன் ஹீத்கிளிஃப். அந்த அந்நியனை இரு கையால் ஏற்றுக்கொண்டவள் கேத்தரின். இந்த இரண்டு பேர் விஷயத்தில்தான் நெல்லியின் மௌனங்கள் விழுகின்றன. திட்டமிட்ட வஞ்சம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறாத மனசு, உதவ வேண்டிய நிமிஷத்தில் ஒரு நொடி பிந்துகிறது. அந்த ஒரு நொடியில் மற்றவர்களின் வாழ்க்கை முறிந்துபோகிறது.

இன்னொன்று. லாக்வுட்டிடம் அவள் சும்மா கதை சொல்லவில்லை. இளைய கேத்தியைப் பார்த்தால் யாரும் விரும்பாமல் இருக்க முடியாது என்று ஒரு இடத்தில் மெல்ல நூல் விடுகிறாள். அந்தப் பெண் மறுமணம் செய்தால்தான் விடிவு என்று வேறொரு இடத்தில் சொல்கிறாள். எதிரே பணமும் வசதியும் உள்ள, கல்யாணமாகாத ஆள். அப்படியானால் இந்தக் கதை பாதி வரன் பார்க்கும் பேச்சு. பழையதில் எதை எவ்வளவு சொல்வது என்பதை அந்த ஆசையும் தீர்மானிக்கிறது.

நெல்லியை வில்லி என்று முத்திரை குத்துவது சுலபம். அந்த வீடு ஏற்கனவே அவளுக்குச் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்: தேவைப்படும்போது கூப்பிடுவது, தவறு நடந்தால் அவள்மேல் போடுவது. அவளைக் குற்றமற்றவள் என்று நான் சொல்லவில்லை. கேத்தரின் பட்டினி கிடந்த மூன்று நாளுக்கு அவள் பதில் சொல்லித்தான் ஆகணும். ஆனால் இத்தனை பேரின் துயரத்தைச் சொன்னவளிடம், உனக்கு என்ன நடந்தது என்று லாக்வுட் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அடுத்த முறை வாசிக்கும்போது நாமாவது அதைக் கேட்டுப் பார்க்கலாம். அந்த ஆப்பிள்களிலிருந்து தொடங்கலாம்.