பந்தை வாங்கும் கால்

கால்பந்தில் எல்லோரும் கோலைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், என் மகள் வியாசர்பாடியில் பந்தாடப் போக ஆரம்பிக்கும்வரை. காலை 6 மணிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என் காதுதான் முதலில் ரசிகனானது. மேலிருந்து இறங்கும் பந்து பழகாத காலில் பட்டால் ‘டொப்’பென்று ஒரு சத்தம், பந்து எங்கோ தள்ளி ஓடும். பழகிய கால் வேறு. பந்து வரும் வேகத்துக்கே பாதம் சற்றுப் பின்வாங்கும், தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து பாயில் கிடத்துகிற மாதிரி. சத்தமே வராது. புழுதி மட்டும் லேசாக எழுந்து அடங்கும்.

இதற்காக மகள் மொட்டைமாடிச் சுவரில் பந்தை அடித்து அடித்து வாங்கிப் பழகினாள். கீழ்வீட்டுப் பெரியவர் இரண்டு முறை மேலே வந்து முறைத்துவிட்டுப் போனார். மூன்றாம் முறை, “இடது காலாலயும் பழகும்மா” என்றார்! டிவியில் ஆட்டம் பார்த்தாலும் எங்கள் கண் கால்களில்தான். 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவும் குரோஷியாவும் ஆடிய அரையிறுதியை நள்ளிரவு 12.30க்கு, டிவி சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தோம். மூன்றாவது கோலுக்கு முன் வலது ஓரத்தில் மெஸ்ஸி, முதுகில் ஒட்டிக்கொண்டு வந்த ஆளோடேயே ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடினார். “அப்பா, பந்து கால விட்டுப் போவவே இல்ல பாரு” என்றாள் மகள். கோல் விழுந்தது அதற்கப்புறம்தான்.

காலையில் ஏதாவது மைதானத்தைத் தாண்டிப் போனால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கோல்போஸ்ட்டை விடுங்கள், கால்களைப் பாருங்கள்.