திருமலைக்கோயில் அடிவாரத்தில் ஓடும் ரோபோக்கள்

ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜி.எஸ்.டி. தளத்தில், சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்களைத் தொகுத்த 2பி பட்டியல் வந்துவிடும். 20ஆம் தேதிக்குள் மாத வரிக்கணக்கான 3பி-யைத் தாக்கல் செய்தாக வேண்டும். இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் தமிழ்நாட்டின் எந்த வரி ஆலோசகர் அலுவலகத்திலும் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. கடைக்காரர் கையில் இருக்கும் கொள்முதல் பில்லும், அவருக்குச் சரக்கு விற்றவர் தளத்தில் ஏற்றிய பில்லும் பொருந்துகின்றனவா என்று வரி வரியாகப் பார்க்கிற வேலை அது. 2022 ஜனவரியிலிருந்து 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. ஒரு பில் கண்ணில் படாமல் போனால் அது கடைக்காரரின் கைக்காசு. தென்காசிப் பக்கம், திருமலைக்கோயில் அடிவாரத்துப் பண்பொழியில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் இந்த வேலையை இப்போது ஒரு மென்பொருள் ரோபோ செய்கிறது. மேஜையில் ஏற்கெனவே கிடந்த கணினியில், கூடுதலாக ஒரு ரூபாய் கட்டாமல் செய்கிறது. எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லித் தீர்த்துவிட்டேன். இனி எழுதியும் வைக்கிறேன்.

எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர்கள் யார் என்று சொன்னால்தான் இந்த மகிழ்ச்சியின் அளவு புரியும். செங்கோட்டை மரக்கடைக்காரர்கள், தேங்காய் வியாபாரிகள், குற்றாலம் சீசனை நம்பி லாட்ஜ் நடத்துகிறவர்கள், ஹார்டுவேர் கடைக்காரர்கள். மரம் ஏற்றிய லாரி புளியரை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போகும். மாநில எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 50,000 ரூபாய்க்கு மேல் வரிக்குட்பட்ட சரக்கு எல்லை தாண்டுகிறது என்றால் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அதனால் எங்கள் ஊர்ப்பக்கத்துச் சின்னக் கடைக்கும் பெரிய நகரத்து நிறுவனத்துக்குச் சமமான தட்டச்சு வேலை உண்டு. ஆள்தான் கிடையாது.

இப்படிப்பட்ட மென்பொருளை ஆர்.பி.ஏ. (ரோபோட்டிக் புராசஸ் ஆட்டோமேஷன்) என்று இந்தத் துறையில் சொல்வார்கள். கணினித் திரையில் மனிதர் செய்வதையே மென்பொருள் செய்யும்: கோப்பைத் திறக்கும், எண்ணைப் படிக்கும், இன்னொரு கட்டத்தில் இடும், பொத்தானை அழுத்தும். உள்ளே ஓடுகிற பழைய மென்பொருளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை. இந்தப் பெயரைப் பரப்பியது இங்கிலாந்தில் 2001இல் தொடங்கிய புளூ பிரிஸம். வங்கிகளின் பின்னறை வேலைகளுக்காக வளர்ந்த மென்பொருள் அது. 2022இல் எஸ்.எஸ். அண்ட் சி என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. இரவு முழுக்க ஆள் பார்க்காமல் ஆயிரக்கணக்கான பரிவர்த்தனைகளை ஓட்டவும், ஒவ்வோர் அசைவுக்கும் தணிக்கைப் பதிவு வைக்கவும் அதற்கு நிகர் குறைவு. நம் அளவுக்கு அது பெரிய சட்டை, அவ்வளவுதான்.

அடுத்த கருவியான யூஐபாத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. 2005இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் டேனியல் டைன்ஸும் மாரியஸ் டிர்காவும் டெஸ்க்ஓவர் என்ற பெயரில் தொடங்கிய சின்ன நிறுவனம், 2021 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலானது. அதன் ஸ்டுடியோவைத் திறந்து, ஒரு பொத்தானைக் காட்டி, 'இதை அழுத்து' என்று பதிவு செய்யும்போது அது அந்தப் பொத்தானின் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வதில்லை. எந்தச் சாளரம், எந்தப் பெயர், எந்த வகை என்று அதன் உள் அடையாளங்களைச் சேர்த்து எழுதிக்கொள்கிறது. இதைச் செலக்டர் என்பார்கள். புதிதாக வருகிறவரிடம் 'இடது பக்கம் மூன்றாவது வீடு' என்று சொல்லி அனுப்பாமல், 'வாசலில் வேம்பு நிற்கும், பச்சைக் கதவு, வாத்தியார் வீடு' என்று சொல்லி அனுப்புவதைப் போன்றது. சாளரத்தை இழுத்து நகர்த்தினாலும், திரையின் அளவை மாற்றினாலும் ரோபோ தடுமாறாமல் அந்தக் கதவையே தட்டும். செலக்டரைத் திருத்தவும் சோதிக்கவும் அவர்கள் தந்திருக்கும் கருவிகள் இந்தத் துறையிலேயே மிக நேர்த்தியானவை என்பது என் தீர்மானமான கருத்து. தனி ஆட்களும் சிறியவர்களும் கற்றுப்பார்க்க இலவசப் பதிப்பு உண்டு. பாடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. தென்காசிப் பக்கத்தில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் என்னிடம் வந்தால் முதலில் அந்தப் பாடங்களைத்தான் காட்டுகிறேன்.

ஆட்டோமேஷன் எனிவேர் இன்னொரு ஜாம்பவான். மிஹிர் சுக்லாவும் தோழர்களும் 2003இல் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் டெதிஸ் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் தொடங்கியது. இதன் ரோபோவை உலாவியிலேயே உட்கார்ந்து உருவாக்கலாம், எல்லாம் மேகக்கணியில். பில்லைப் படமாகக் கொடுத்தாலும் உள்ளிருந்து தேதி, தொகை, ஜி.எஸ்.டி. எண் ஆகியவற்றைப் பிரித்தெடுக்கிற திறமையில் கெட்டிக்காரன். நல்ல இணைப்பு உள்ள நகர அலுவலகங்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். சாரல் காலத்தில் காற்று வீசினால் எங்கள் பக்கம் இணைப்பு எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் மேஜைக்கு அது ஒத்துவரவில்லை.

எங்கள் மேஜையில் உட்கார்ந்தது மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட். இதன் வேர் கிரேக்க நாட்டில் இருக்கிறது. சாஃப்டோமோட்டிவ் என்ற கிரேக்க நிறுவனம் வின்ஆட்டோமேஷன் என்ற கருவியைச் செய்து விற்றுவந்தது. 2020 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2021 மார்ச்சில் அதன் டெஸ்க்டாப் பதிப்பை விண்டோஸ் 10 வைத்திருக்கிற எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்துவிட்டது. விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது. பெரிய நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்டி வாங்கிக்கொண்டிருந்த ஒன்றை, பண்பொழியில் ஒரு கணக்கு எழுதுகிறவரின் கணினியில் சும்மா கொண்டுவந்து வைத்த அந்த முடிவை நான் எத்தனை பாராட்டினாலும் தகும்.

2பி வேலையை அது செய்கிற அழகைச் சொல்ல வேண்டும். ஒரே பில்லைக் கடைக்காரர் '014/24-25' என்று எழுதியிருப்பார், விற்றவர் தளத்தில் '14' என்று ஏற்றியிருப்பார். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, எக்செல்லுக்கு வேறு வேறு. எங்கள் ரோபோ முதலில் இரண்டு பட்டியலிலும் பில் எண்ணின் முன்னால் நிற்கும் பூஜ்யங்களையும், கோடுகளையும், பின்னொட்டாக வரும் நிதியாண்டையும் நீக்குகிறது. பிறகு நான் காதலிக்கிற பகுதி. பவர் ஆட்டோமேட்டில் எக்செல் கோப்பையே ஒரு தரவுத்தளமாகப் பாவித்து எஸ்.கியூ.எல். கட்டளை ஓட்டலாம். ஒவ்வொரு வரியாகச் சுற்றிச் சுற்றி ஒப்பிட வேண்டியதில்லை. விற்றவரின் ஜி.எஸ்.டி. எண், சுத்தம் செய்த பில் எண், வரித்தொகை மூன்றும் ஒத்துப்போகிறவற்றை ஒரே கேள்வியில் எடுத்துவிடுகிறது. ஒட்டாமல் நிற்கும் பில்கள் தனித் தாளில் வந்து விழுகின்றன. டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடுகிறது. மீதமிருக்கும் பில்களுக்கு மட்டும் விற்றவருக்குப் போன் போட்டால் போதும்.

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. டேலியின் திரை இந்தக் கருவிகளின் பார்வைக்கு ஒரே படமாகத் தெரியும், உள்ளே இருக்கும் கட்டங்களைச் செலக்டர் பிரித்துப் பார்க்காது. புதிதாகக் கற்கிறவர்கள் இங்கே மலைத்துப்போகிறார்கள். மலைக்கத் தேவையே இல்லை! டேலி விசைப்பலகைக்காகவே பிறந்த மென்பொருள். எஃப்5 செலவுச்சீட்டு, எஃப்6 வரவு, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளின் விரல்கள் இந்த வரிசையைத் தூக்கத்திலும் தட்டும். அதே விசைகளை ரோபோவும் தட்டட்டும். சுட்டியைத் தொடவே வேண்டாம். மரக்கடை அண்ணாச்சி ஒருவர் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, யாரும் தொடாமல் திரையில் பதிவுகள் ஏறுவதைப் பார்த்து, "யாரு தம்பி தட்டுதா?" என்று பக்கத்து அறையை எட்டிப்பார்த்தார். "நம்ம ரோபோதான் அண்ணாச்சி" என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசிப் பதிவு வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். "நம்ம கடைக்கு ஒண்ணு போட்டுத் தா" என்றார். போட்டுத் தந்தாயிற்று.

அப்படிப் போட்டுத் தருவதிலும் ஒரு வசதி. பவர் ஆட்டோமேட்டில் செய்து வைத்த படிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் வெறும் எழுத்தாக வந்து நிற்கும். அந்த எழுத்தை வாட்ஸாப்பில் அனுப்பினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம், மறுபடி படிகளாக மாறிவிடும். இலவசப் பதிப்பில் நேரம் குறித்து வைத்துத் தானாக ஓட்டும் வசதி கிடையாது, பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். எங்களுக்கு அதுவே பிடித்திருக்கிறது. வரி விஷயத்தில் ரோபோ ஓடும்போது பக்கத்தில் ஆள் இருப்பது முறை. ஜி.எஸ்.டி. தளத்தில் நுழையக் கேட்கும் கேப்சாவையும் ஓ.டி.பி.யையும் நாங்கள் கையால்தான் போடுகிறோம், கடவுச்சொல்லை ரோபோவிடம் கொடுப்பதும் இல்லை. கோப்பு நம் கணினிக்கு வந்த பிறகுதான் அதன் வேலை தொடங்கும்.

நெஞ்சைத் தொட்ட கருவி ஒன்று பாக்கி. டேகுஐ. சிங்கப்பூரில் கென் சோ என்பவர் உருவாக்கி, ஏ.ஐ. சிங்கப்பூர் அமைப்பின் ஆதரவில் வளர்ந்தது. முழுக்கத் திறமூலம், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். படம் வரைவது, கட்டம் இழுப்பது எதுவும் இல்லை. ஒரு உரைக் கோப்பில் வரி வரியாகக் கட்டளை எழுதினால் ரோபோ செய்யும். அந்தக் கட்டளைகளை இருபதுக்கும் குறையாத மொழிகளில் எழுதலாம், அவற்றில் ஒன்று தமிழ்! மொழிச் சொற்கள் எல்லாம் சாதாரண அட்டவணைக் கோப்பில் இருக்கின்றன, பிடிக்காத சொல்லைத் திறந்து நமக்குப் பழகிய சொல்லாக மாற்றியும் கொள்ளலாம். கணினிக்குத் தமிழில் கட்டளை எழுதி அது ஓடுவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது உண்மை. இணைப்பு போன சாரல் நாளிலும், உள் கோப்பு வேலைகளை அது பாட்டுக்குச் செய்யும். பள்ளிக்கூடக் கணினி அறைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தர வேண்டும் என்று ஆசிரியர் நண்பர்களை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பழகாத பெரியவர்களுக்குச் சற்று அந்நியமாக இருக்கும் என்பதால்தான் எங்கள் அலுவலகத்தில் இது இரண்டாவது இடம்.

ஜோஹோ அலுவலகம் இருக்கும் மத்தளம்பாறையைச் சொல்லாமல் தென்காசிக்காரர் எவரும் மென்பொருள் பேச முடியாது. 1996இல் அட்வெண்ட்நெட் என்று தொடங்கிய ஜோஹோ, 2011இல் தென்காசிப் பக்கம் வந்தது. உலகமெங்கும் வாடிக்கையாளர் சேவைக்குப் பயன்படும் ஜோஹோ டெஸ்க் இந்த மலையடிவாரத்தில் வளர்ந்த மென்பொருள். அவர்களிடமும் ஆர்.பி.ஏ. இருக்கிறது, ஜோஹோ ஃப்ளோவும் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ள வழி வைத்திருந்தால், திரையைத் தட்டும் ரோபோவே தேவையில்லை. ஃப்ளோ போன்ற இணைப்புக் கருவி பின்வாசல் வழியாகத் தரவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், அது வேகமானது, திரை மாறினாலும் உடையாது. அப்படி வழி இல்லாத பழைய மென்பொருளுக்கும் அரசுத் தளங்களிலிருந்து இறங்கும் கோப்புகளுக்கும்தான் ஆர்.பி.ஏ. கணக்கை ஜோஹோ புக்ஸில் வைத்திருக்கும் கடைகளுக்கு முதலில் ஃப்ளோவைப் பாருங்கள் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

ஆள் வேலை போய்விடுமே என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் பில் தட்டிக்கொண்டிருந்த பெண் இப்போது லாட்ஜ்காரர்களுக்குச் சீசன் வரவு செலவை அலசிச் சொல்கிறார். எந்த மாதத்தில் எந்தச் செலவு கூடுகிறது என்று அவர் எடுத்துக் காட்டும்போது முதலாளிகள் கூர்ந்து கேட்கிறார்கள். ரோபோவின் படிகளைத் திருத்துவதும் அவர்தான். தட்டச்சில் அடைபட்டுக் கிடந்த அந்த மூளை வெளியே வந்ததுதான் எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம்.

என் தீர்ப்பு இது. சின்னக் கடை, வரி ஆலோசகர் அலுவலகம், லாட்ஜ், மில் என்றால் பவர் ஆட்டோமேட். பல கிளைகளும் சில நூறு பணியாளர்களும் இருந்தால் காசு கொடுத்து யூஐபாத் வாங்குங்கள், ஒவ்வொரு ரூபாய்க்கும் பெறும். வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் புளூ பிரிஸம். தமிழில் எழுதிப் பார்க்க ஆசை இருந்தால், பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டுமென்றால், டேகுஐ. எதை எடுத்தாலும் முதலில் ஒரே ஒரு வேலையைக் கொடுங்கள். தினமும் செய்கிற, விதி மாறாத, உங்களுக்கு அலுத்துப்போன வேலையாக அது இருக்கட்டும். விண்டோஸ் 11 கணினி வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகவும் வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். ஸ்டார்ட் மெனுவில் பவர் ஆட்டோமேட் என்று தேடுங்கள், அங்கேயே இருக்கிறது.