வொயிட் சாஸ் பாஸ்தாவைப் பார்த்து யார் சிரிக்கிறார்கள்?

2012 மார்ச்சில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சின்ன ஊரின் நாளிதழில் ஒரு உணவக விமர்சனம் வந்தது. எழுதியவர் மேரிலின் ஹாகர்டி. அப்போது அவருக்கு 85 வயது. ஊருக்குப் புதிதாக வந்திருந்த 'ஆலிவ் கார்டன்' என்ற இத்தாலியன் செயின் உணவகத்துக்குப் போய் சிக்கன் ஆல்ஃப்ரெடோ சாப்பிட்டிருக்கிறார். விலை 10.95 டாலர் என்று குறித்திருக்கிறார். குடிக்கத் தண்ணீரே போதும் என்றிருக்கிறார். உள்ளே அலங்காரம் எப்படி, ரொட்டிக் குச்சி எப்படி, பரிமாறிய பெண் எப்படிப் பேசினாள் என்றெல்லாம் நிதானமாக எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் கட்டுரை.

இணையம் அதை எடுத்து வைத்துக்கொண்டு சிரித்தது. செயின் ஓட்டலுக்கெல்லாம் விமர்சனமா, இதைப் போய் இத்தாலியச் சாப்பாடு என்று நம்புகிறாரே இந்தப் பாட்டி என்று. சிரித்தவர்களில் அந்தோனி போர்டெய்னும் ஒருவர். ஆனால் அவர் அந்தப் பாட்டியின் பழைய பத்திகளைத் தேடிப் படித்தார், சிரிப்பை நிறுத்தினார், 2013இல் அவற்றைத் தொகுத்துத் தன் பதிப்பு வரிசையிலேயே புத்தகமாகக் கொண்டுவந்தார். பெருநகர விமர்சகர்கள் எட்டிப் பார்க்காத ஒரு அமெரிக்கா எப்படிச் சாப்பிட்டது என்பதற்கான வரலாறு அது என்பது அவர் வாதம். ஹாகர்டி 2025 செப்டம்பரில் 99 வயதில் இறந்தார்.

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம் காஞ்சிபுரம். சரியாகச் சொன்னால் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கும் நெசவு ஊர். பாஸ்தா சாப்பிட வேண்டுமென்றால் அங்கே உள்ள பசங்க காஞ்சிபுரத்துக்கு வண்டியை எடுப்பார்கள். அங்கே பட்டுக்கடைகளுக்கு நடுவில் முதல் மாடியில், கண்ணாடிக் கதவும் மஞ்சள் விளக்கும் பிளாஸ்டிக் கொடியும் வைத்த கஃபேக்கள் வந்திருக்கின்றன. மெனுவில் 'இத்தாலியன்' என்று ஒரு பக்கம் இருக்கும். வொயிட் சாஸ் பாஸ்தா, ரெட் சாஸ் பாஸ்தா, இரண்டையும் கலந்த பிங்க் சாஸ், பனீர் டிக்கா பீட்சா, கார்லிக் பிரெட். எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இதே பக்கம்தான்.

இதைக் கிண்டல் செய்வது ரொம்ப சுலபம். நம் இலக்கிய நண்பர்கள் நன்றாகவே செய்வார்கள். "இத்தாலிக்காரன் பார்த்தால் அழுவான்" என்று ஒரு மீம் போதும். ஆனால் அந்த இத்தாலிக்காரன் எவ்வளவு பழையவன்? பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்ட்டோ கிராந்தி, 'பாரம்பரிய இத்தாலியச் சமையல்' என்பதில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருவான கதை என்று எழுதித் தன் நாட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர். கார்பொனாரா இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் எழுத்தில் தலைகாட்டுகிறது. இதுவரை தெரிந்தவரை அச்சில் வந்த அதன் முதல் செய்முறை, 1952இல் சிகாகோவில் வந்த ஒரு உணவக வழிகாட்டியில் இருக்கிறது. ஹாகர்டி சாப்பிட்ட ஆல்ஃப்ரெடோவும் அப்படித்தான். ரோமில் அது வெண்ணெயும் சீஸும் மட்டும். கிரீமைக் கொட்டியது அமெரிக்கா. தக்காளியே கடல் கடந்து வந்தது, நம்ம மிளகாய் மாதிரி.

நமக்கும் இது புதிதில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' படித்தவர்களுக்குத் தெரியும். காப்பி வந்து பழைய சோற்றின் இடத்தைப் பிடித்தபோது எவ்வளவு பதற்றம், எவ்வளவு புலம்பல். இன்றைக்கு அதே காப்பி டபரா செட்டோடு பாரம்பரியம் ஆகிவிட்டது.

அப்படியென்றால் 'ஒரிஜினல்' என்பதே வெட்டிப் பேச்சா? இல்லை. இந்த இடத்தில்தான் ஐயம்பேட்டை எனக்கு முக்கியம். அந்த ஊரில் ஒரிஜினல் என்ற சொல்லுக்குக் கனம் உண்டு. கோர்வை போட்டு நெய்த சேலையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓடும். கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும், பல வீடுகளில் அது மனைவியோ பிள்ளையோ. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்றால், அந்த இரண்டு பேரின் கூலிதான் திருட்டுப் போகிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கேட்டு வாங்கியது ருசி பேதத்துக்காக அல்ல, கூலிக்காக. ஒரிஜினலா என்ற கேள்விக்குப் பின்னால் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று பார்த்தால்தான் அந்தக் கேள்விக்கு மதிப்பு. பிங்க் சாஸால் நேப்பிள்ஸில் எவன் வயிற்றிலும் அடி விழவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் உண்மையாகவே கேட்க வேண்டிய ஒரு ஒரிஜினல் கேள்வி இருக்கிறது. வரதராஜப் பெருமாள் கோயிலில் குடலை இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மணிக்கணக்கில் வேகும். ஓட்டல்களில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று டம்ளரில் ஊற்றி எடுக்கிறார்கள். அந்த மந்தாரை இலை வாசனை டம்ளரில் எப்படி வரும்? அதை யாரும் மீம் போடுவதில்லை. மீம் எல்லாம் பாஸ்தாவுக்குத்தான், ஏனென்றால் பாஸ்தா சாப்பிடுகிறவன் புதுசாக வந்தவன்.

அவன் யார்? பெரும்பாலும் தறியை விட்டு வெளியே வந்தவன். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகிறவன், போகிறவள். அப்பா தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்த வீட்டிலிருந்து வந்து, மாசச் சம்பளத்தில் நண்பரின் பிறந்த நாளுக்கு மேசை போடுகிறார்கள். ஆணும் பெண்ணும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, கோயில் பிராகாரத்தை விட்டால் இந்த ஊரில் வேறு எங்கே இடம்? 1957இல் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி முரளி கஃபே முன் திராவிடர் கழகம் மறியல் செய்த மாநிலம் இது. யார் எங்கே உட்காரலாம் என்பது நம் ஓட்டல்களில் எப்போதும் சாப்பாட்டை விடப் பெரிய விஷயம். கஃபேயில் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. பில் மட்டும் கேட்கும். அதுவும் ஒரு கதவுதான், ஒத்துக்கொள்கிறேன். தறியில் இன்னும் உட்கார்ந்திருக்கிற அண்ணன் அந்த மாடிப்படி ஏறுவது கஷ்டம்.

அதற்காக எல்லாவற்றையும் பாராட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹாகர்டியிடமே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சாப்பாடு சுமாராக இருந்தால் அவர் அலங்காரத்தைப் பற்றி எழுதிவிடுவார். நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள கம்பெனிக்கும் உள்ளூர் டைனருக்கும் ஒரே அளவு கனிவு. அது விமர்சனத்தில் ஓட்டைதான். ஆனால் நம் ஃபுட் வ்லாக்கர்களின் கனிவு வேறு ரகம். முதல் வாய் போவதற்குள் கண் சொருகும், 'வேற லெவல்' வரும். விலையைச் சொன்னாலும், யார் காசில் சாப்பிட்டார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கம் இந்த விளம்பரம், இன்னொரு பக்கம் அந்தக் கிண்டல். ஊர்க்காரர் ஒருவர் தன் காசில் சாப்பிட்டு, ஊர்க்காரர்களுக்காக எழுதுவது எங்கேயும் காணோம். தமிழில் சினிமாவுக்கு இருக்கிற அளவு விமர்சகர்கள் சாப்பாட்டுக்கு ஏன் இல்லை? சமையல் குறிப்பு இருக்கிறது, ஊர்ப் பெருமை இருக்கிறது, நடுவில் ஒன்றும் இல்லை.

குறை சொல்வதுதானே, எழுதிவிடலாம். காஞ்சிபுரத்தில் ஒரு கஃபே, ஞாயிறு மாலை. வொயிட் சாஸ் பாஸ்தா 180 ரூபாய். மைதா சரியாக வறுபடவில்லை, நாக்கில் பச்சை வாசனை நின்றது. பாஸ்தா குழைந்திருந்தது, ஆனால் பக்கத்து மேசையில் பல் இல்லாத ஒரு ஆயா அதை விரும்பிச் சாப்பிட்டார், பேத்தி ஸ்பூனால் ஊட்டினாள். மேலே தூவிய ஆரிகனோவுக்குப் பதில் மிளகுப் பொடி போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இந்த ஊருக்கு மிளகு தெரியும். கார்லிக் பிரெட் நன்றாக இருந்தது, பூண்டு நம்ம பூண்டு. பாட்டு சத்தம் அதிகம், கேட்டதும் குறைத்தார்கள். பரிமாறிய பையன் "ஃபீட்பேக் எழுதுங்க அண்ணா" என்று ஒரு அட்டையை நீட்டினான். அதில் ஐந்து நட்சத்திரம் மட்டும்தான் அச்சிட்டிருந்தது, எழுத இடமில்லை.