வரிக்கும் வரிக்கும் நடுவே

தமிழில் புதிதாக ஒரு இணையதளம் திறந்தால் என் கண் படத்துக்கும் வண்ணத்துக்கும் போவதில்லை. இரண்டு வரியாக மடிந்த தலைப்பு எங்கே இருக்கிறது என்று தேடும். மேல்வரியில் உள்ள ‘பு’, ‘சு’, ‘து’வின் கால் கீழ்வரியில் உள்ள ‘தி’, ‘டீ’யின் தலையை இடிக்கிறதா, விலகி நிற்கிறதா? அதைப் பார்த்துவிட்டால் போதும். தளத்தைச் செய்தவர் தமிழை வாசித்துப் பழகியவரா, யாரோ தந்த தமிழைக் கொட்டிவிட்டுப் போனவரா என்று சொல்லிவிடலாம்.

லைன்-ஹைட்டைத்தான் சொல்கிறேன். 2017-ல் கிரிட் பிரவுசர்களில் இறங்கியபோது ஃப்ளோட் கணக்குகளைத் தலைமுழுகிய சந்தோஷம் எனக்கும் உண்டு. சப்கிரிட், கன்டெய்னர் க்வெரி எல்லாமே அருமையான வரவுகள். ஆனாலும் ஹாகோன் வியூம் லீயும் பெர்ட் பாஸும் எழுதி 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ்ஸிலேயே இருந்த இந்தப் பழைய பண்புக்குப் பக்கத்தில் வேறு எதையும் வைக்க மாட்டேன். ஒரு தமிழ்ப் பக்கத்தை முழுசாகப் படித்து முடிக்க வைப்பதும், பாதியில் கண் வலித்து மூட வைப்பதும் இந்த ஒரு எண்தான்.

‘நார்மல்’ என்று விட்டால் 1.0 முதல் 1.2 வரை வைத்துக்கொள்ளலாம் என்பது சிஎஸ்எஸ் 2.1-ன் பரிந்துரை. ஆங்கிலத்துக்கு அது ஓரளவு தாங்கும். அங்கே மேலே நீளும் எழுத்து சில, கீழே இறங்கும் எழுத்து சில, அவ்வளவுதான் நெரிசல். நமக்கோ மேலே புள்ளி, இகர வளைவு, ஈகாரச் சுழி. கீழே உகர, ஊகாரக் கால்கள். ஒரே சொல்லில் இரண்டு பக்கமும் கூட்டம். நல்ல தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் இதை அளந்து, மேலும் கீழும் இடம் ஒதுக்கித்தான் தருகிறார்கள். நாம் எடுத்துப் போடும் கட்டமைப்புகள் வந்து அந்த இடத்தை அழிக்கின்றன. நார்மலைஸ்.சிஎஸ்எஸ் 1.15 போடுகிறது. பூட்ஸ்ட்ராப் பத்திகளுக்கு 1.5 கொடுத்துவிட்டு, தலைப்புக்கு வந்ததும் 1.2-க்கு இறங்கிவிடுகிறது. டெயில்விண்டில் டெக்ஸ்ட்-5எக்ஸ்எல் தொடங்கி வெறும் 1. இவற்றை எழுதியவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் தங்கள் எழுத்துக்கு எழுதினார்கள். அதை அப்படியே நம் எழுத்தின்மேல் போர்த்துகிறோமே, அங்கேதான் மனசு கேட்பதில்லை.

கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு ஜவுளிக்கடைத் தளம். பொருட்கள் கட்டம் கட்டமாக நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது என்று ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டிருக்கிறார்கள், லைன்-ஹைட் 1. ‘புதிய வரவு’ என்ற வரியில் ‘பு’, ‘வு’வின் கால்கள் கத்தரித்தது போல வெட்டுப்பட்டு, ‘பதிய வரவ’ என்று நிற்கிறது. மேல் விளிம்பிலும் அதே கதை. புள்ளி போய்விட்டால் ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தின் வால் வெட்டுப்பட்டால் அசிங்கமாக இருக்கும், ஆனாலும் வாசித்துவிடலாம். தமிழில் சொல்லே வேறாகிவிடுகிறது. அழகு, ரசனை என்று நான் பேசுவது மிகையாகப் படுகிறவர்கள் இந்த இடத்தையாவது பார்க்க வேண்டும்.

என் கணக்கைக் கேட்டால்: கைபேசியில் பத்தி எழுத்து 17 அல்லது 18 பிக்சல், லைன்-ஹைட் 1.7. தலைப்பு எவ்வளவு பெரிதானாலும் 1.35-க்குக் கீழே இறங்கக் கூடாது. பிக்சலிலோ எம்மிலோ அல்ல, அலகு இல்லாத வெறும் எண்ணாக. அப்போதுதான் உள்ளே இருக்கும் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் தத்தம் அளவுக்கு ஏற்ப இடம் எடுத்துக்கொள்ளும். எச்டிஎம்எல்லில் மொழி ‘டிஏ’ என்று குறித்துவிட்டு, அந்த மொழிக்கு மட்டும் பொருந்தும் விதியாக இதை எழுதிவிட்டால் இருமொழித் தளத்தில் ஆங்கிலப் பக்கம் கெடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான டபிள்யூசிஏஜி விதிகளே எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு வரி இடைவெளியைப் பக்கம் தாங்க வேண்டும் என்கின்றன. நமக்கு ஒன்றரை என்பது ஆரம்பம்.

இதில் என்னோடு ஒத்துப்போகாத நண்பர்கள் உண்டு. நாளிதழ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு நெருக்கமான பத்திதான் ‘நிறைய விஷயம்’ இருப்பதாகத் தோன்றும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாளிதழின் பத்தி குறுகலானது, மை ஊறிய காகிதம் கண்ணைக் கூசவைப்பதில்லை, மடித்துக் கண்ணுக்குக் கிட்டே பிடிக்கலாம். திரைக்கு அந்தச் சலுகைகள் கிடையாது. இன்னொரு பக்கம், 2 வைத்துவிட்டுக் காற்றோட்டம் என்கிறவர்கள். அப்படி விட்டால் வரிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் பட்டியல்போல் தொங்கும். பத்தி என்ற உருவமே கலைந்துவிடும். கவிதை போடும் தளம் என்றால் மட்டும் 1.9 வரை போகச் சம்மதிப்பேன்.

இந்தக் கண் எனக்குக் கணினியில் வந்ததில்லை. க்ரியா வெளியிட்ட புத்தகங்களின் பக்கங்களைப் பார்த்துத்தான் வந்தது. 1974-ல் தொடங்கிய அந்தப் பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் ஒரு பக்கத்துக்குக் கொடுத்த மரியாதை, ஓரத்தில் விட்ட வெள்ளை, வரிகளுக்கு நடுவே விட்ட மூச்சு — அதைப் பார்த்துப் பழகியவனால் நெரிந்து கிடக்கும் பக்கத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்கும் முன்னால் அச்சுக்கோத்தவர்கள் வரிகளுக்கு நடுவே ஈயத் தகடு செருகி இடைவெளி விட்டார்கள். பேஜ்மேக்கர் காலத்து டிடிபி ஆட்களிடமும் அந்தப் பழக்கம் மிச்சம் இருந்தது. திருவல்லிக்கேணிப் பக்கத்தில் சின்ன டிடிபி கடை வைத்திருந்த ஒருவர், அச்சான தாளைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். எழுத்து மங்கிப் பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால் சரி; நடுவில் கறுப்புத் திட்டு தெரிந்தால் லெடிங்கைக் கூட்டுவார். இன்றைக்கும் திரையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று நான் பார்ப்பது அதே முறையில்தான்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்குத் தளம் செய்து கொடுத்தேன். அன்றன்றைய விலையை ரகவாரியாகப் போட வேண்டும், விரலி ஒரு பட்டியல், கிழங்கு ஒரு பட்டியல். “தம்பி, ஒரே ஸ்கிரீன்ல எல்லா ரகமும் தெரியணும், நெருக்கிப் போடுங்க” என்றார். நான் வாதாடவில்லை. இரண்டு மாதிரி செய்து, குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் ஏற்றி, மண்டி வாசலுக்கு வெளியே வெயிலில் அவர் கையில் கொடுத்தேன். நெருக்கியதை வாசிக்கப் போனைச் சாய்த்தார், கையால் நிழல் கட்டினார், வரி மாறிப் பக்கத்து ரகத்தின் விலையை வாசித்தார். மற்றதை அப்படியே வாசித்துக்கொண்டு போனார். “சரி, உருட்டிப் பார்த்துக்கறாங்க, விடுங்க” என்று முடித்துவிட்டார். விலை சொல்லும் தளத்தில் வரி மாறி வாசித்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு நான் விளக்கவேண்டிய விஷயமில்லை.

எழுத்துரு விஷயத்திலும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 2000-உடன் வந்த லதாவையும், மேக்கில் முத்து நெடுமாறனின் இணைமதியையும் விட்டால் வேறு கதியில்லை என்றிருந்த காலம் உண்டு. இப்போது பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், எக் டைப்பின் முக்தா மலர், கூகுளின் நோட்டோ குடும்பம் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. நீண்ட கட்டுரைக்கு என் கை நோட்டோ செரிஃப் தமிழுக்குத்தான் போகும். தடித்த எழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். சின்ன அளவில் புள்ளியின் வட்டம் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். ஆங்கிலத் தலைப்புக்காக எழுதிய மைனஸ் லெட்டர்-ஸ்பேசிங்கைத் தமிழுக்கும் விட்டுவைத்தால் ‘ண’வும் ‘ணை’யும் முட்டிக்கொள்ளும். சாய்வெழுத்து நம் மரபில் இல்லை. பிரவுசர் தானாகச் சாய்த்துக் காட்டும் எழுத்தைப் பார்க்கச் சகிக்காது, ஃபான்ட்-சிந்தெசிஸ் நன் என்று ஒரு வரி எழுதித் தடுத்துவிடலாம். கேபிட்டல் எழுத்தில் குட்டித் தலைப்பு வைக்கும் ஆங்கில உத்திக்கும் இங்கே வழியில்லை. நமக்கு மிஞ்சுவது அளவு, கனம், வண்ணம், இடைவெளி. இதில் இடைவெளியைத்தான் எல்லோரும் முதலில் பறிக்கிறார்கள்.

தமிழ்த் தளங்களின் தரம் இறங்கியதற்கு மென்பொருளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை நடக்கும் முறை மாறிவிட்டது. ஃபிக்மாவில் ஆங்கிலத்திலோ லோரம் இப்ஸத்திலோ மாதிரி செய்து, வாடிக்கையாளரிடம் ஓகே வாங்கி, தளம் நேரலைக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போதுதான் தமிழ் வருகிறது. அதுவும் பாமினியில் அடித்த வேர்டு கோப்பாக. அதை யூனிகோடுக்கு மாற்றி ஊற்றியதும் பட்டன் உடைகிறது, மெனு இரண்டு வரியாகிறது, ‘தொடர்புகொள்ள’ என்பது பெட்டியைத் தாண்டி வெளியே நிற்கிறது. உடனே எழுத்தைச் சிறிதாக்கி, இடைவெளியைக் குறைத்து, எப்படியோ அடைத்துவிடுகிறார்கள். அதனால்தான் உண்மையான தமிழ் வாசகம் கைக்கு வராமல் நான் முதல் மாதிரியையே தொடங்குவதில்லை. முன்பணம் பாதி என்பதைப்போல இதுவும் என் கொட்டேஷனில் ஒரு நிபந்தனை. இதனால் கைநழுவிய வேலைகள் உண்டு, நிபந்தனையை மாற்றவில்லை.

ஐயாயிரத்துக்குத் தளம் என்று போஸ்டர் ஒட்டுகிற காலத்தில் இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள் என்று இளைய ஃப்ரீலான்சர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ‘எழுத்துச் சீரமைப்பு’ என்று தனியாக ஒரு வரி போட்டு விலை சொன்னால் வாடிக்கையாளர் முதலில் அடிப்பது அந்த வரியைத்தான். டிசைன் தொகைக்குள்ளேயே அதை அடக்கிவிட வேண்டும். தையற்காரர் காஜாவுக்குத் தனி பில் போடுவதில்லை. டொமைன் வாடிக்கையாளர் பெயரில், ஹோஸ்டிங் அவர் கணக்கில், வருஷத்துக்கு ஒருமுறை ஏஎம்சி. இந்த ஏற்பாட்டில்தான் செய்த வேலையை அடுத்தடுத்த வருஷங்களில் திரும்பிப் பார்த்துத் திருத்த வாய்ப்புக் கிடைக்கிறது. ஒரே தடவை பணம், ஒரே தடவை வேலை என்றால் தளத்தோடு உறவு அன்றைக்கே முடிந்தது.

அப்படி முடிந்துபோன உறவு ஒன்று இருக்கிறது. ஒரு சித்த மருந்துக் கடைக்கு நான் செய்த தளத்தைப் பிறகு வேறொருவர் எடுத்துக்கொண்டார். புதிய தீம், முகப்பில் ஓடும் ஸ்லைடர், திறந்ததும் மேலே விழும் பாப்-அப். அதெல்லாம் அவர் ரசனை. மருந்தின் பெயர்களும் அளவுகளும் இருக்கும் பக்கத்தில் லைன்-ஹைட் 1.2-க்குப் போய்விட்டதுதான் என்னை உறுத்துகிறது. அங்கே வந்து வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். கடைக்காரருக்குப் போன் செய்து, பணம் எதுவும் வேண்டாம், ஸ்டைல்ஷீட்டில் அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறேன். புதியவரிடம் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வாரம் மறுபடியும் கூப்பிட வேண்டும்.